ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வரணும்: உலகின் வேகமான கார் எதுன்னு யார் முடிவு பண்றாங்க?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

அடுத்த தடவை பைக்ல பின்னாடி உட்கார்ந்து போகும்போது ஒரு சின்ன விஷயம் செஞ்சு பாருங்க. ஓட்டுறவர் தோள் வழியா ஸ்பீடோமீட்டரைப் பாருங்க. 60 காட்டும். அதே நேரம் உங்க போன்ல மேப்பைத் திறந்து பாருங்க. 55 இல்ல 56னு காட்டும். ஒரே பைக், ஒரே ரோடு, ஒரே நொடி. ஆனா ரெண்டு நம்பர்.

நமக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறது இல்ல. ஆனா அந்த நம்பருக்காகவே பத்து வருஷம் உழைச்சு, கடன் வாங்கி, ஒரு பாலைவனத்துல போய் உயிரைப் பணயம் வச்ச ஒருத்தருக்கு? அவருக்கு எந்த மீட்டர் சொல்றது செல்லும்ங்கிறதுதான் எல்லாமே.

1997 அக்டோபர் 13. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துல பிளாக் ராக் பாலைவனம். பிரிட்டன்ல கட்டின த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி. என்ற கார், ரெண்டு ஜெட் இன்ஜினோட அங்க நிக்குது. ஓட்டுறவர் ஆண்டி கிரீன், ராயல் ஏர் ஃபோர்ஸ் பைலட். அன்னிக்கு அவர் ஒரு திசையில ஒலியின் வேகத்தைத் தாண்டி ஓட்டினார். காரைத் திருப்பி, எரிபொருள் நிரப்பி, எதிர்த் திசையிலும் ஒலியைத் தாண்டி ஓட்டினார். தரையில் எந்தக் காரும் அதுவரை செய்யாத வேலை.

ஆனா அது சாதனைப் பட்டியல்ல ஏறல. ரெண்டு ஓட்டத்துக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகக் கூடாதுன்னு விதி. அவங்க ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் தாமதம்.

ரெண்டு நாள் கழிச்சு, அக்டோபர் 15 அன்னிக்கு, மறுபடி எல்லாத்தையும் முதல்ல இருந்து செஞ்சாங்க. இந்தத் தடவை நேரத்துக்குள்ள. மணிக்கு 763.035 மைல், அதாவது 1,227.985 கிலோமீட்டர். இன்னிக்கு வரைக்கும் அதுதான் உலக சாதனை.

முதல் தடவை இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்துச்சு. கார் ஒலியைத் தாண்டினதை எல்லாரும் பார்த்தாங்க, காதாலயும் கேட்டாங்க. சில நொடி லேட்டானா என்ன? ஆனா இந்த விதிகள் ஏன் வந்துச்சுன்னு தேடிப் படிக்கப் படிக்க என் கருத்து மாறிடுச்சு. அந்தப் பயணத்தைத்தான் இன்னிக்கு உங்களோட பகிரப்போறேன்.

ஸ்டாப்வாட்ச் வச்சு ஆரம்பிச்சது

முதல்ல ஒரு அடிப்படை. தரைவேகச் சாதனையில யாரும் 'வேகத்தை' அளக்கிறது இல்ல. அளக்கிறது நேரத்தை. ஒரு கிலோமீட்டர் இல்லன்னா ஒரு மைல் தூரத்தைத் துல்லியமா அளந்து குறிச்சு வைப்பாங்க. கார் அதுக்குள்ள நுழையும்போது ஏற்கனவே முழு வேகத்துல இருக்கும். நுழைஞ்ச நேரம், வெளிய வந்த நேரம். தூரத்தை நேரத்தால வகுத்தா வேகம். அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு கணக்கு.

1898 டிசம்பர் 18 அன்னிக்கு பாரிஸ் பக்கத்துல ஆஷேர்ங்கிற இடத்துல காஸ்தோன் தெ ஷாஸ்லூ-லோபா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கிலோமீட்டரை 57 நொடியில கடந்தார். மணிக்கு 63 கிலோமீட்டர். முதல் அங்கீகரிக்கப்பட்ட தரைவேகச் சாதனை இதுதான். கார் எலெக்ட்ரிக்! அடுத்த வருஷமே பெல்ஜியத்தைச் சேர்ந்த கமீய் ஜெனட்ஸி அதே கிலோமீட்டரை 34 நொடியில கடந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். அதுவும் எலெக்ட்ரிக்.

அந்தக் காலத்து ஸ்டாப்வாட்ச் ஒரு நொடியை அஞ்சா பிரிக்கும். 57 நொடியில 0.2 நொடி பிழை வந்தா அரை சதவீதம்கூட இல்ல, பரவாயில்ல. ஆனா ஆண்டி கிரீன் ஒரு மைலைக் கடந்தது ஐந்து நொடிக்கும் குறைவான நேரத்துல. அங்க அதே 0.2 நொடி பிழை வந்தா? மணிக்கு 30 மைலுக்கு மேல தப்பு. கார் வேகமாக ஆக, கடிகாரமும் அதே அளவுக்குக் கூர்மையாகணும். இல்லன்னா நீங்க அளக்கிறது காரை இல்ல, பட்டனை அமுக்கின கட்டை விரலை.

ஏன் போய்த் திரும்பி வரணும்?

ஆரம்பத்துல ஒரு பக்கம் ஓட்டினாப் போதும். பிரச்சினை என்னன்னா, பின்னாடி இருந்து காத்து அடிச்சா வேகம் கூடும். தரை லேசாச் சரிஞ்சிருந்தாலும் கூடும். கண்ணுக்குத் தெரியாத சரிவு போதும்.

இன்னொரு பிரச்சினை அதிகாரம். யார் அங்கீகரிக்கிறது? 1904 ஜனவரியில ஹென்றி ஃபோர்டு உறைஞ்சு கிடந்த செயின்ட் கிளேர் ஏரி மேல ஒரு மைலை 39.4 நொடியில ஓட்டினார். மணிக்கு 91.37 மைல். அமெரிக்காவுல பெரிய செய்தி. பாரிஸ்ல இருந்த பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப் அதை ஏத்துக்கல. அவங்க நேரக் காப்பாளர்கள் அங்க இல்லையே!

இது உச்சத்துக்குப் போனது 1911ல. அமெரிக்கர் பாப் பர்மன் டேடோனா கடற்கரையில பிளிட்சன் பென்ஸ் காரை மணிக்கு 141 மைல் வேகத்துல ஓட்டினார். ஆனா அந்தச் சமயத்துல சர்வதேச அமைப்பு ஒரு புது விதி கொண்டு வந்திருந்தது. எதிரெதிர்த் திசையில ரெண்டு ஓட்டம், அதோட சராசரிதான் கணக்கு. பர்மன் ஓட்டினது ஒரே திசை. ஏத்துக்கல.

அந்த விதிப்படி முதல் சாதனை வந்தது 1914 ஜூன்ல, இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ஓடுகளத்துல. ஓட்டினவர் எல்.ஜி. ஹார்ன்ஸ்டெட். அவரும் பென்ஸ்தான் ஓட்டினார். வேகம் மணிக்கு 124 மைல். கவனிச்சீங்களா? மூணு வருஷம் கழிச்சு வந்த அதிகாரபூர்வ உலக சாதனை, பர்மனோட வேகத்தை விட 17 மைல் குறைவு!

பார்க்க அபத்தமா இருக்கும். ஆனா எனக்கு இது புரியும், ஏன்னா நானே ஒரு தடவை பர்மனா இருந்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கோடை மாத்தி எழுதிட்டு "நாற்பது சதவீதம் வேகமாயிடுச்சு"ன்னு டீம் மீட்டிங்ல பெருமையாக் காட்டினேன். சீனியர் அக்கா ஒருத்தங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "பழைய கோடை முதல்ல ஓட்டினியா, புதுசை முதல்ல ஓட்டினியா?" பழையதைத்தான் முதல்ல ஓட்டியிருந்தேன். அது ஓடினப்போ தரவெல்லாம் மெமரிக்குள்ள வந்து உட்கார்ந்திடுச்சு. அதுக்கப்புறம் ஓடின என் கோடுக்குப் பின்காத்து. வரிசையை மாத்தி ஓட்டினா நாற்பது எட்டாச் சுருங்கிடுச்சு. எட்டும் நல்ல நம்பர்தான். ஆனா அன்னிக்கு என் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க.

பர்மன் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. ஒரு திசையில மட்டும் அளந்தோம், அவ்வளவுதான்.

சராசரிலேயும் ஒரு சூட்சுமம்

இப்போ ஒரு குட்டிக் கணக்கு. கார் போகும்போது மைலை 5 நொடியில கடக்குது. மணிக்கு 720 மைல். திரும்பி வரும்போது 6 நொடி. மணிக்கு 600 மைல். சராசரி என்ன?

660னு சொன்னீங்கன்னா, சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒத்துக்காது. அவங்க வேகங்களோட சராசரியை எடுக்கிறது இல்ல, நேரங்களோட சராசரியை எடுக்கிறாங்க. 5, 6 சராசரி 5.5 நொடி. அதுக்கு வேகம் மணிக்கு 654.5 மைல். அஞ்சரை மைல் போச்சு! நேரத்தை வச்சு எடுக்கும் சராசரி எப்பவும் குறைவாத்தான் வரும். ரெண்டு ஓட்டமும் ஒரே மாதிரி இருந்தாத்தான் இழப்பு இல்ல. ஒரு பக்கம் காத்து உதவியோட பறந்துட்டு மறுபக்கம் தள்ளாடினா, அதுக்கு ஒரு சின்னத் தண்டனை இந்தக் கணக்குக்குள்ளயே இருக்கு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டதும் நான் ஒரு வேலை பார்த்தேன். பட்டியல்ல இருக்கும் மைல் சாதனைகளை எடுத்து, தலைகீழாக் கணக்குப் போட்டேன். 3600ஐ 763.035ஆல வகுத்தா 4.718 நொடி. 1983ல் ரிச்சர்ட் நோபிளோட 633.468? 5.683 நொடி. 1970ல் கேரி கபெலிச்சோட 622.407? 5.784 நொடி. மூணும் அச்சு அசலா ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில வந்து நிக்குது.

அப்படின்னா என்ன அர்த்தம்? 763.035ங்கிற நம்பர்ல அந்த மூணு தசம இடத்தைப் பார்த்து, வேகத்தை அவ்வளவு துல்லியமா அளந்திருக்காங்கன்னு நினைக்கக் கூடாது. 4.718க்குப் பதிலா 4.719னு வந்திருந்தா வேகம் 762.873 ஆகியிருக்கும். நடுவுல இருக்கிற வேகம் எதுவும் அந்தப் பட்டியல்ல வர வாய்ப்பே இல்ல. அதேபோல, மைலைக் குறிக்கும்போது ஒரே ஒரு மீட்டர் தப்பா அளந்தா மணிக்கு அரை மைல் அளவுக்குப் பிழை வரும். அதனாலதான் கடிகாரத்துக்கு எவ்வளவு மரியாதையோ, நிலத்தை அளக்கிற சர்வேயருக்கும் அவ்வளவு மரியாதை.

கண்ணுக்குத் தெரிஞ்ச கார், கருவிக்குத் தெரியல

ஸ்டாப்வாட்ச் போய் ஒளிக்கதிர் வந்தது. பாதையோட ஒரு ஓரத்துல விளக்கு, மறு ஓரத்துல ஒளியை உணரும் கருவி. கார் குறுக்கே போனா ஒளி மறையும், கடிகாரம் பதிவு பண்ணும். மனுஷன் கையே வேண்டாம்.

1938 ஆகஸ்ட். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துல போனவில் உப்புவெளி. கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை உப்பு. பிரிட்டனோட ஜார்ஜ் ஐஸ்டன் 'தண்டர்போல்ட்'ங்கிற ராட்சசக் காரோட வந்திருந்தார். பளபளன்னு தேய்ச்ச அலுமினியம் உடம்பு. கார் பாய்ஞ்சு போச்சு. கருவி ஒண்ணையும் பதிவு பண்ணல. வெள்ளை உப்புப் பின்னணியில வெள்ளி நிறக் கார் போனதுல, ஒளி மாறினதாவே அதுக்குத் தெரியல!

தீர்வு? காரோட பக்கவாட்டுல கறுப்புப் பெயின்ட் அடிச்சாங்க. சில நாள்ல, ஆகஸ்ட் 27 அன்னிக்கு, மணிக்கு 345 மைல் தாண்டி சாதனை. ஒரு ஹார்டுவேர் பிரச்சினையை ஒரு டப்பா பெயின்ட்ல சரி பண்ணின இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கருவி சரியா இருந்தாலும் மனுஷன் தப்புப் பண்ணலாம். அதே போனவில், 1935 செப்டம்பர் 3. சர் மால்கம் கேம்பல் 300 மைல்ங்கிற எல்லையைத் தாண்டணும்னு வந்தார். ஓட்டி முடிச்சதும் நேரக் காப்பாளர்கள் சொன்ன வேகம்: 299.875. அந்த மனுஷன் மனசு எப்படி இருந்திருக்கும்! சில மணி நேரம் கழிச்சு வந்து சொல்றாங்க, கணக்குல பிழை, உண்மையான வேகம் 301க்கு மேல. நல்ல செய்திதான். ஆனா கொண்டாட வேண்டிய அந்த நிமிஷம் போனது போனதுதான்.

ஒரு சதவீத விதி

எல்லா அளவிலும் கொஞ்சம் பிழை இருக்கும்னு ஒத்துக்கிட்டா, அடுத்த கேள்வி: பழைய சாதனையை எவ்வளவு தாண்டினா 'தாண்டினதா' அர்த்தம்? எஃப்.ஐ.ஏ. பதில்: குறைஞ்சது ஒரு சதவீதம்.

இதுல ஒரு சுவாரசியமான விளைவு. கேரி கபெலிச் 1970ல் 'ப்ளூ ஃப்ளேம்' என்ற ராக்கெட் காரில் ரெண்டு சாதனை வச்சார். மைலுக்கு 622.407, கிலோமீட்டருக்கு 630.388, ரெண்டும் மணிக்கு மைல் கணக்கு. 1983 அக்டோபர் 4ல் ரிச்சர்ட் நோபிள் 'த்ரஸ்ட் 2'வுல வந்து மைலில் 633.468 ஓட்டினார். ஒரு சதவீதத்துக்கு மேல, சாதனை. கிலோமீட்டரிலும் 634.051 ஓட்டினார். அதுவும் கபெலிச்சை விட வேகம்தானே? ஆமா, ஆனா 0.58 சதவீதம்தான் கூட. செல்லாது.

அதனால நோபிள் 'உலகின் வேகமான மனிதர்'னு கொண்டாடப்பட்ட 14 வருஷமும், கிலோமீட்டர் பட்டியல்ல கபெலிச் பேருதான் இருந்தது. 1997ல் ஆண்டி கிரீன் வந்துதான் அதை அழிச்சார். த்ரஸ்ட் எஸ்.எஸ்.சி. திட்டத்தை நடத்தினவர் யாருன்னு நினைக்கிறீங்க? அதே ரிச்சர்ட் நோபிள்தான்.

முதல்ல, கார்னா என்ன?

நேரம், தூரம் எல்லாம் சரியா இருந்தாலும் சண்டை வரும். 1963 ஆகஸ்ட் 5ல் அமெரிக்க இளைஞர் கிரெய்க் பிரீட்லவ் 'ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா'வுல மணிக்கு 407 மைல் ஓட்டினார். ரெண்டு திசை, சரியான நேரம், எல்லாம் ஓகே. ஆனா வண்டிக்கு மூணே சக்கரம், தள்ளுறது ஜெட் இன்ஜின். எஃப்.ஐ.ஏ. விதிப்புத்தகத்துல கார்னா நாலு சக்கரம் இருக்கணும், அதுல ரெண்டையாவது இன்ஜின் சுத்தணும்.

அப்போ இது என்ன? மோட்டார்சைக்கிள் அமைப்பான எஃப்.ஐ.எம். முன்வந்தது. மூணு சக்கர வண்டி எங்க பிரிவுலதான் வரும்னு சாதனையை அங்கீகரிச்சது. சைடுகார் வச்ச பைக் மாதிரி!

அடுத்த வருஷம், 1964 ஜூலை 17ல், மால்கம் கேம்பலோட மகன் டொனால்ட் கேம்பல் ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரிப் படுகையில 'ப்ளூபேர்ட்' காரை 403.1 மைல் வேகத்துல ஓட்டினார். நாலு சக்கரம், இன்ஜின் சக்தி சக்கரத்துக்குப் போகுது. எஃப்.ஐ.ஏ. கணக்குப்படி இவர்தான் சாதனையாளர். ஆக ஒரே நேரத்துல ரெண்டு 'உலகின் வேகமான' ஆட்கள். ஒருத்தர் கையில வேகம், இன்னொருத்தர் கையில விதிப்புத்தகம்.

கடைசியில விதிதான் வளைஞ்சது. ஜெட் வண்டிகளுக்குத் தனி இடம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் போனவில்ல நடந்தது திருவிழா. 1964 அக்டோபர்ல மட்டும் சாதனை அஞ்சு தடவை மாறிச்சு. 413ல் ஆரம்பிச்சு 536ல் முடிஞ்சது அந்த மாசம். சக்கரத்தை இன்ஜின் சுத்துற கார்களுக்கான போட்டி தனியா இன்னிக்கும் நடக்குது. நிறைய பேர் அதைத்தான் 'உண்மையான' கார் சாதனைன்னு வாதாடுவாங்க. டீக்கடையில ரெண்டு மணி நேரம் ஓடக்கூடிய வாதம் அது.

ஒலியை முதல்ல தாண்டினது யார்?

இது இன்னும் ஆறாத சண்டை. 1979 டிசம்பர் 17ல் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துல ஸ்டான் பேரட் என்ற ஸ்டன்ட் கலைஞர் 'பட்வைசர் ராக்கெட்'டை ஓட்டினார். அணி அறிவிச்ச வேகம் 739.666 மைல், ஒலியை விட ஒரு சதவீதம் அதிகம். ஆண்டி கிரீனுக்கு 18 வருஷம் முன்னாடி!

ஆனா ஒரே திசை. அளந்ததும் முழு மைல் இல்ல. வேகத்தை ரேடார் தரவையும் காரில் இருந்த கருவிகளையும் வச்சுக் கணக்கிட்டாங்க. எந்தச் சாதனை அமைப்பும் மேற்பார்வை பார்க்கல. அதனால எந்தப் பட்டியலிலும் இது இல்ல. அவங்க தாண்டினாங்களா, இல்லையா? நம்புறவங்களும் இருக்காங்க, சிரிக்கிறவங்களும் இருக்காங்க. நாற்பது வருஷத்துக்கு மேல ஆகியும் வாதம் முடியாததுக்குக் காரணமே, அன்னிக்கு எதிர்த் தரப்பு ஒத்துக்கிற மாதிரி ஒரு கடிகாரம் அங்க இல்லாததுதான்.

நம்ம காலத்துச் சண்டை

2020 அக்டோபர்ல எஸ்.எஸ்.சி.ங்கிற அமெரிக்க நிறுவனம், தங்களோட 'டுவாடாரா' கார் நெவாடா நெடுஞ்சாலையில ரெண்டு திசைச் சராசரி 316.11 மைல், உச்ச வேகம் 331 மைல் ஓடினதா அறிவிச்சது. வீடியோவும் வந்தது.

வீடியோவை யூடியூபர்கள் சிலர் பிரேம் பிரேமாப் பார்த்தாங்க. 2017ல் கோனிக்செக் கார் அதே சாலையில ஓடின வீடியோ இருந்தது. அதுல சராசரி 277.9 மைல். ரோட்டோர அடையாளங்களை வச்சு ரெண்டையும் ஒப்பிட்டாங்க. ரெண்டு அடையாளத்துக்கு நடுவுல தூரம் தெரியும், வீடியோவில் நேரம் தெரியும். தூரம் வகுத்தல் நேரம். 1898ல் செஞ்ச அதே கணக்கு! திரையில காட்டின வேகத்துல டுவாடாரா உண்மையிலேயே போகலைன்னு தெரிஞ்சது. ஜி.பி.எஸ். கருவி செஞ்ச நிறுவனமும், அந்தத் தரவை நாங்க சரிபார்த்துச் சான்று கொடுக்கலைன்னு சொல்லிடுச்சு.

2021 ஜனவரியில ஃபுளோரிடாவுல மறுபடி ஓட்டினாங்க. ரெண்டு திசைச் சராசரி 282.9 மைல். அதே வருஷம் ஜூலையில, முதல் ஓட்டத்துல 300ஐத் தொடலைன்னு நிறுவனமே ஒத்துக்கிச்சு. 282.9ங்கிறது பிரமாதமான வேகம். ஆனா அதைப் பத்தி யாரும் பேசலை.

நேர்மையா ஒரு திசைன்னு சொல்லிட்டு ஓட்டறவங்களும் உண்டு. 2019ல் புகாட்டி சிரோன் ஜெர்மனியோட ஒரு சோதனைத் தடத்துல 304.773 மைல் ஓடிச்சு. ஒரே திசைதான். ஜெர்மன் சோதனை நிறுவனம் ஒண்ணு அளவைச் சரிபார்த்தது. அதை 'ரெண்டு திசைச் சாதனை'யோட ஒரே வரிசையில வைக்காம இருந்தா பிரச்சினையே இல்ல.

விதிக்கு ஒரு விலை உண்டு

விதிகள் பக்கம் இவ்வளவு பேசிட்டேன். மறுபக்கத்தையும் சொல்லணும்.

1960 செப்டம்பர் 9ல் மிக்கி தாம்சன் போனவில்ல 406.6 மைல் ஓட்டினார். அன்னிக்கு இருந்த சாதனை ஜான் காப்போட 394 மைல். அதைத் தாண்டியாச்சு, திரும்பி வந்தாப் போதும். திரும்பும்போது டிரைவ் ஷாஃப்ட் உடைஞ்சது. பட்டியல்ல அவர் பேர் இல்ல. அப்புறம் அவர் 1968ல் 'சேலஞ்சர் 2'ன்னு இன்னொரு காரைத் தயார் பண்ணினார், அதுலயும் சாதனை கைகூடல. அந்தக் காரையே அவரோட மகன் டேனி தாம்சன் பழுது பார்த்து, 2018ல் போனவில்ல 448 மைல் தாண்டி ஓட்டினார். அம்பது வருஷம் கழிச்சு!

இன்னொண்ணு சொல்றது கஷ்டமா இருக்கு. 2019 ஆகஸ்ட் 27ல் ஜெஸ்ஸி கோம்ப்ஸ் ஓரிகன் மாநிலத்தின் ஆல்வர்ட் பாலைவனத்துல, பழைய போர் விமான உடம்புல கட்டின ஜெட் காரை ஓட்டினாங்க. பெண்களுக்கான சாதனை, 1976ல் அதே பாலைவனத்துல கிட்டி ஓ'நீல் வச்ச 512.710 மைல். ஜெஸ்ஸி ரெண்டு திசையும் ஓட்டி முடிச்சாங்க. ஆனா ரெண்டாவது ஓட்டத்துல முன்சக்கரம் பழுதாகி நடந்த விபத்துல இறந்துட்டாங்க. 2020ல் கின்னஸ் அமைப்பு அவங்க சராசரியை அங்கீகரிச்சது: 522.783 மைல்.

ஒரு ஓட்டத்தோட நிறுத்தியிருந்தா அவங்க இன்னிக்கு இருந்திருப்பாங்களான்னு மனசு கேக்குது. 'ரெண்டு திசை'ங்கிறது பேப்பர்ல ஒரு வரி. பாலைவனத்துல அதுக்கு அர்த்தம், உயிரோட தப்பிச்சு வந்த அதே வேலைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள மறுபடி போகணும்ங்கிறது. விதி எழுதறவங்களுக்கு இந்தப் பாரம் இருக்கணும்.

அப்போ விதியைத் தளர்த்தலாமா? இங்கதான் எனக்குப் பட்டதைச் சொல்றேன். ஆண்டி கிரீன் அணி ஒரு நிமிஷத்துல தவறவிட்டதை அன்னிக்கு 'பரவாயில்ல'ன்னு விட்டிருந்தா, அவங்க சாதனைக்குப் பக்கத்துல என்னிக்கும் ஒரு சின்னக் கேள்விக்குறி இருந்திருக்கும். பட்வைசர் ராக்கெட்டுக்கு இருக்கிற மாதிரி. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி ஓட்டினதால, இன்னிக்கு அவங்களை யாரும் கேள்வி கேட்க முடியாது. கடுமையான விதி அந்த அணிக்குத்தான் நல்லது பண்ணிச்சு.

நேயர் கேள்வி

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, இப்போதான் ஜி.பி.எஸ். இருக்கே, இன்னும் ஏன் பாதையோரத்துல கதிர் வைக்கிறாங்க?"

நல்ல கேள்வி தம்பி. நொடிக்குப் பத்து தடவை பதிவு பண்ற ஜி.பி.எஸ்.னு வச்சுக்கோ. மணிக்கு 331 மைல்னா நொடிக்கு 148 மீட்டர். ரெண்டு பதிவுக்கு நடுவுல கார் 15 மீட்டர் தாண்டிடும். இன்னும் வேகமாப் பதிவு பண்ற கருவிகள் இருக்கு, நல்லாவும் இருக்கு. ஆனா முக்கியமான விஷயம் வேற. ஜி.பி.எஸ். பெட்டி காருக்குள்ள, ஓட்டுறவங்க கையில இருக்கு. கதிர் தரையில, அந்தச் சாதனையால எந்த லாபமும் இல்லாத ஒருத்தர் கையில இருக்கு. நாம எழுதின கோடுக்கு நாமளே ஒப்புதல் கொடுக்கிறதில்லையே, அது மாதிரிதான்.

சரி மக்களே, இன்னிக்கு இவ்வளவுதான். அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட 'இதுதான் உலகத்துலயே வேகமான கார்'னு சொன்னா, மூணே மூணு கேள்வி கேளுங்க. எவ்வளவு தூரத்துல அளந்தாங்க? திரும்பி வந்தாங்களா? கடிகாரம் யார் கையில இருந்துச்சு?

அடுத்த வாரம் சந்திப்போம். வண்டியை மெதுவா ஓட்டுங்க.